3-வுட்டை வீட்டிலேயே விட்டுட்டு வாங்க சாமி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வம்புக்கு இழுக்கும் கட்டுரைதான். வாரக் கடைசியில் கோல்ஃப் ஆடுகிற அங்கிள்கள், டிவியில் பார்த்துவிட்டு ரேஞ்சுக்கு வருகிற என் வயசுப் பசங்க, ரெண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்க பேக்கில் ட்ரைவருக்குப் பக்கத்தில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு கம்பீரமாக ஒருத்தன் நிற்கிறானே, 3-வுட், அவன் மாசாமாசம் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலையே செய்யாத ஆள். அவனை வீட்டுக்கு அனுப்புங்க. அந்த இடத்தில் 5-வுட், 7-வுட், ஹைப்ரிட் என்று உழைக்கிற ஆட்களை வையுங்க. விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதைச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

கோல்ஃப் தெரியாத கிளாஸ்மேட்ஸ் ஓடிப்போக வேண்டாம். இதில் பாதி நம்ம காஸ்டிங் பேப்பர்.

ஒரு ரவுண்டுக்கு ஒருவர் 14 கிளப்புக்கு மேல் எடுத்துப் போகக்கூடாது. அமெரிக்காவில் 1938-ல், பிரிட்டனில் 1939-ல் வந்த விதி. அதற்கு முன்னால் இருபதுக்கு மேல் அடுக்கிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள் (சுமந்தது கேடிதானே). இந்த 14-ல் பட்டர் ஒன்று (பிரெட்டில் தடவுவது இல்லை, பந்தைக் குழிக்குள் தள்ளுவது), ட்ரைவர் ஒன்று, கிட்டத்தில் தூக்கிப் போட மூன்று வெட்ஜ். அப்புறம் 6, 7, 8, 9 அயர்ன் நான்கு. கூட்டினால் 9. மிச்சம் 5. ட்ரைவருக்கும் 6-அயர்னுக்கும் நடுவில் இருக்கிற மொத்த தூரத்தையும் இந்த ஐந்து கிளப்பை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்கிற சண்டை முழுக்க இங்கேதான்.

இந்த இடத்துக்குப் போட்டி போடுகிறவர்கள் மூன்று ஜாதி. ஃபேர்வே வுட் என்பது பெரிய தலை, நீளக் காம்பு. பெயரில்தான் வுட், உள்ளே மரம் கிடையாது. 1979-ல் டெய்லர்மேட் ஸ்டீல் தலை வைத்த வுட்டைக் கொண்டுவந்த பிறகு மரம் மெல்ல மெல்ல ஷோகேஸுக்குப் போய்விட்டது. அடுத்தது நீள அயர்ன்கள், அதாவது 3, 4, 5. கத்தி மாதிரி மெலிசாக இருக்கும், அடித்தால் கை அதிரும். மூன்றாவது ஹைப்ரிட். வுட்டுக்கும் அயர்னுக்கும் பிறந்த பிள்ளை. தலை சின்ன வுட் மாதிரி, காம்பு கிட்டத்தட்ட அயர்ன் நீளம். எல்லாவற்றிலும் பார்க்க வேண்டியது லாஃப்ட், அதாவது முகம் எத்தனை டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது என்பது. 3-வுட் சுமார் 15 டிகிரி, 5-வுட் 18, 7-வுட் 21. ஹைப்ரிட்டில் 3 என்றால் சுமார் 19, 4 என்றால் 22, 5 என்றால் 25.

இப்போ காஸ்டிங். ஒரு கம்பெனியில் மெஷின் ஹவர்ஸ் குறைவு என்றால் எந்தப் பொருளைத் தயாரிப்பது என்று எப்படி முடிவு செய்வோம்? எது அதிக விலைக்குப் போகிறது என்று பார்த்து இல்லை. லிமிட்டிங் ஃபாக்டர் ஒரு யூனிட்டுக்கு எது அதிக கான்ட்ரிப்யூஷன் தருகிறதோ அதைத்தான் முதலில் தயாரிப்போம். செகண்ட் இயர் கணக்கு. கோல்ஃப் பேக்கில் லிமிட்டிங் ஃபாக்டர் அந்த 14 ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு ரவுண்டில் எனக்கு எத்தனை ஸ்ட்ரோக் மிச்சம் செய்து தருகிறது என்பது ஒன்றுதான் கேள்வி. "நல்லா பட்டா எவ்ளோ தூரம் போகும் தெரியுமா" என்று 3-வுட்டுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் எல்லோரும் விலையைப் பார்த்துவிட்டு லாபம் என்று எழுதுகிறவர்கள்.

நல்லா பட்டா. அந்த ரெண்டு வார்த்தையில்தான் இருக்கிறது சூட்சுமம்.

புல் மேல் கிடக்கிற பந்தை 15 டிகிரி முகத்தால் மேலே கிளப்ப வேண்டும் என்றால் ரெண்டில் ஒன்று வேண்டும். ஒன்று அசுர வேகம். இல்லை என்றால் பந்துக்குக் கீழே மயிரிழை பிசகாமல் முகத்தைக் கொண்டுபோய் வைக்கிற துல்லியம். ட்ரைவருக்கு டீ என்ற ஸ்டூல் இருக்கிறது, பந்து உயரத்தில் உட்கார்ந்திருக்கும். 3-வுட்டுக்கு அந்த ஸ்டூல் கிடையாது. லாஃப்ட் கம்மி என்பது கண்ணுக்கும் தெரியும். "இது மேலே போகாது போலிருக்கே" என்று மனசு பயப்படும், உடனே உடம்பு பின்னால் சாய்ந்து பந்தைத் தூக்கிவிடப் பார்க்கும். கிளப் பந்தின் உச்சந்தலையில் தட்டும், பந்து எலி மாதிரி தரையோடு எழுபது எண்பது யார்டு ஓடும். ரேஞ்சில் பத்து நிமிஷம் நின்று வேடிக்கை பாருங்கள், எலிகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

வேகம் குறைவாக இருந்தால் இன்னொரு கொடுமையும் உண்டு. பந்து போதுமான உயரம் எழும்பாததால், 3-வுட்டால் அடித்தாலும் 5-வுட்டால் அடித்தாலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் விழும். ஒரே வேலைக்கு ரெண்டு ஆள், ரெண்டு பேருக்கும் சம்பளம்.

சரி, நம்ம வேகம் என்ன? இங்கேதான் எனக்குப் பயங்கரக் கோபம் வருகிறது. நாம் டிவியில் பார்ப்பது பி.ஜி.ஏ. டூர். ட்ராக்மேன் ரேடார் கம்பெனி பல வருஷமாக வெளியிட்டு வந்த சராசரி அட்டவணைப்படி, அந்த ஆட்கள் 3-வுட்டை மணிக்கு 107 மைல் வேகத்தில் சுற்றுகிறார்கள், பந்து காற்றிலேயே 243 யார்டு போகிறது. சராசரி ஆண் அமெச்சூர் தன் ட்ரைவரை, அதாவது பேக்கிலேயே நீளமான கிளப்பை, முழு மூச்சாகச் சுற்றினாலே 93, 94 மைல்தான். அவர்களுடைய 3-வுட் வேகம் நம்ம ட்ரைவருக்கே கிடையாது. அப்புறம் எதற்கு அவர்கள் பேக்கைப் பார்த்து காப்பி அடிக்க வேண்டும்?

காப்பி அடித்தே தீருவேன் என்றால் பெண்களைப் பார்த்து அடியுங்கள். அதே அட்டவணையில் எல்.பி.ஜி.ஏ. வீராங்கனைகளின் ட்ரைவர் வேகம் 94 மைல். அச்சு அசல் நம்ம சராசரி அங்கிளின் வேகம்! அவர்கள் 3-வுட் 195 யார்டு, 5-வுட் 185, 7-வுட் 174, 4-அயர்ன் 169. உலகத்திலேயே சுத்தமாகப் பந்தை அடிக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்த வேகத்தில், 3-வுட்டும் 5-வுட்டும் தருகிற வித்தியாசம் 10 யார்டு. அவர்கள் அளவுக்குச் சுத்தமாக அடிக்காத நமக்கு?

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டவை, நீங்கள் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒரு ரவுண்டில் தரையிலிருந்து தூரமாக அடிக்க வேண்டிய சந்தர்ப்பம் மூன்று. 3-வுட்டால் ஒன்று அற்புதமாகப் பட்டு 195 போகிறது, மற்ற ரெண்டும் எலி, 90-ம் 75-ம். மொத்தம் 360, சராசரி 120 யார்டு. அதே மூன்றையும் 7-வுட்டால் அடித்தால் ஒன்று 174, ஒன்று 165, ஒன்று கொஞ்சம் மொக்கையாக 135. மொத்தம் 474, சராசரி 158. தூரத்துக்காகச் சுமக்கிற கிளப் தூரத்திலேயே தோற்றுப்போகிறது பாருங்க! ஆனால் வீட்டுக்குப் போகும்போது அந்த 195 மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கும். எலிகள் எல்லாம் "இன்னிக்கு கிரவுண்ட் சரியில்ல" கணக்கில் போய்விடும்.

"டேய், 3-வுட் தரையிலிருந்து அடிக்க மட்டுமா? ட்ரைவர் சொதப்புற அன்னிக்கு டீயிலிருந்து அடிக்கலாமே" என்று ஒரு கட்சி உண்டு. நியாயமான கட்சிதான். ஆனால் டீயில் வைத்து 5-வுட்டையும் அடிக்கலாமே? மேலே உள்ள அட்டவணைப்படி இழப்பது 10 யார்டு. பந்து எல்லைக்கு வெளியே போனால் ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி, போன தூரமும் போச்சு, அடித்த இடத்துக்கே திரும்பி வர வேண்டும். அதிலிருந்து தப்பிக்கத்தானே ட்ரைவரை உள்ளே வைத்தீர்கள்? அப்புறம் எதற்கு ட்ரைவரின் தம்பியை எடுக்கிறீர்கள், அமைதியான ஆளை எடுங்கள்.

இவ்வளவு கணக்கும் பலருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் ஏன் மாற்றுவதில்லை? வெட்கம். 7-வுட் என்றால் "லேடீஸ் கிளப்", "ரிட்டயர் ஆனவங்க கிளப்". ஒரு கடையில் 7-வுட் இருக்கா அண்ணே என்று கேட்டேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, அம்மாவுக்கா?" என்றார். எனக்குத்தான் என்றதும், "இந்த வயசுல எதுக்கு தம்பி அதெல்லாம், இந்த 3-வுட் பாருங்க, புது மாடல், சும்மா பறக்கும்" என்று ஒன்றை எடுத்துக் கையில் திணித்தார். பெரிய பிராண்டின் புது ஃபேர்வே வுட் ஒன்று ரூ. 20,000-ஐச் சாதாரணமாகத் தாண்டும். ஸ்டூடண்ட் ஒருவன் அவ்வளவு பணத்தைப் போடும்போது நீ எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறாய், ரெண்டு பந்து அடித்துக் காட்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆம்பளையா இல்லையா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இந்த "லேடீஸ் கிளப்" நக்கல்காரர்களுக்கு ரெண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, டஸ்டின் ஜான்சன். ஆறடி நாலு அங்குல ஆஜானுபாகு, டூரிலேயே தூரமாக அடித்தவர்களில் ஒருவர். 2020 மாஸ்டர்ஸ், அந்த வருஷம் கொரோனாவால் நவம்பரில் நடந்தது, அதில் 20 அண்டர் போட்டு ரெக்கார்டோடு ஜெயித்தபோது அவர் பேக்கில் 7-வுட் இருந்தது. டாமி ஃப்ளீட்வுட் 9-வுட் வரைக்கும் போயிருக்கிறார். கொஞ்சம் பழைய கதை வேண்டுமென்றால் ரேமண்ட் ஃப்ளாய்ட், 1976 மாஸ்டர்ஸ். அகஸ்டாவின் பார்-5 கிரீன்களில் பந்து உயரத்திலிருந்து பொத்தென்று விழுந்து நிற்க வேண்டும் என்பதற்காக 1-அயர்னை எடுத்துவிட்டு 5-வுட் வைத்துக்கொண்டு போனார். பார்-5 குழிகளில் மட்டும் நாலு நாளில் 14 அண்டர். மொத்தம் 271, அன்றைய ரெக்கார்டைச் சமன் செய்து ஜெயித்தார். இவர்களுக்கு எல்லாம் மீசை இல்லையா என்ன.

ரெண்டாவது, நம்ம பெங்களூரு பொண்ணு அதிதி அசோக். 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை காலையில் பார் என்றால் என்ன போகி என்றால் என்ன என்று தெரியாத பாதி இந்தியா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? டோக்கியோ ஒலிம்பிக்ஸ் கடைசி ரவுண்டு. உலக ரேங்கிங்கில் 200-ல் இருந்த ஒருத்தி, நம்பர் 1 நெல்லி கோர்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று ரவுண்டு முடிவில் ரெண்டாவது இடம். அந்தப் போட்டியில் ட்ரைவ் தூரத்தில் மிகவும் பின்தங்கி இருந்தவர்களில் அதிதியும் ஒருவர். கொரோனா வந்து போன பிறகு தூரம் இன்னும் குறைந்துவிட்டது என்று அவரே சொல்லியிருந்தார். அதாவது ஒவ்வொரு பார்-4-லும் கோர்டா சின்ன அயர்னை எடுக்கிற தூரத்துக்கு முன்னாலேயே இவர் நின்றுகொண்டு ஹைப்ரிட்டையோ ஃபேர்வே வுட்டையோ உருவ வேண்டும். நாலு நாள் அதைத்தான் செய்தார். பந்தை அழகாக மேலே ஏற்றி கிரீனில் உட்கார வைப்பது, அப்புறம் பட்டரால் மாயம் காட்டுவது. கடைசியில் கோர்டா 17 அண்டர், மோனே இனாமியும் லிடியா கோவும் 16 அண்டர், அதிதி 15 அண்டர். நாலாவது இடம். ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் பதக்கம் போனது. கடைசிக் குழியில் அந்த நீள பட் விழுந்திருந்தால் என்று இன்னமும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, அதை விடுங்கள்.

இப்போ சொல்லுங்கள், உலகத்தின் தலைசிறந்த 60 பேர் ஆடிய களத்தில் தூரம் இல்லாத ஒருத்தி ஒரு ஸ்ட்ரோக் பக்கத்தில் வந்து நின்றது எதனால்? தன்னிடம் இல்லாத வேகத்தை இருப்பதாக நினைத்துக்கொண்டு ஆடாததால். தனக்கு எது மேலே எழும்புமோ அதை வைத்துக்கொண்டு ஆடியதால். அந்தக் கிளப்பைத்தான் கடையில் "அம்மாவுக்கா" என்கிறார்கள்.

சரி, கோபம் போதும். 3-வுட்டை அனுப்பியாச்சு. மிச்சம் இருக்கிற ஐந்து ஓட்டையில் வுட் எத்தனை, ஹைப்ரிட் எத்தனை? இதில் ஊரே ரெண்டு கட்சியாக நிற்கிறது, ரெண்டு கட்சியும் பாதி சரி.

ஒரே லாஃப்ட் உள்ள 7-வுட்டையும் 4-ஹைப்ரிட்டையும் எடுத்துக்கொண்டால், வுட்டின் காம்பு ரெண்டு அங்குலத்துக்கு மேல் நீளம், தலை பெரிசு, எடை பின்னாலும் கீழேயும் இருக்கும். அதனால் பந்து இன்னும் உயரமாகப் போகும், செங்குத்தாக இறங்கும், கிரீனில் சீக்கிரம் நிற்கும். காம்பு குட்டையாக இருப்பதால் ஹைப்ரிட்டைக் கட்டுப்படுத்துவது சுலபம், அதன் சின்னத் தலை அடர்ந்த புல்லுக்குள் நுழைந்து வெளியே வந்துவிடும். மழைக்காலம் முடிந்த கையோடு நம்மூர் பெர்முடா ரஃப்பில் பந்து போய் உட்கார்ந்திருக்கிறதே, அங்கே வுட்டை எடுத்தால் புல் கிளப்பின் கழுத்தைப் பிடித்துத் திருப்பிவிடும். அங்கே ஹைப்ரிட்தான் ராஜா. ஃபேர்வேயில் சுத்தமாகக் கிடக்கிறதா, வுட். துடைப்பத்தால் பெருக்குகிற மாதிரி அடிக்கிறவருக்கு வுட் ஒத்துவரும், அயர்னை மாதிரி மேலிருந்து கொத்துகிறவருக்கு ஹைப்ரிட்.

ஹைப்ரிட் இடது பக்கம் இழுக்கும் என்று ஒரு புகார் உண்டு. வலது கைக்காரர்கள், அதிலும் வேகமாகச் சுற்றுகிறவர்கள், சொன்னால் நம்புங்கள், அது நிஜம். நிறைய ஹைப்ரிட்களை, பந்தை வலது பக்கம் வளைய விடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு உதவத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே இடது பக்கம் வளைக்கிறவர் அதை எடுத்தால் வேலியைத் தாண்டும். அவருக்கு 7-வுட் எடுத்துக் கொடுங்கள், ஹைப்ரிட்டைத் திட்ட வேண்டாம்.

ஹைப்ரிட்டுக்கு இன்னொரு சைடு பிசினஸும் இருக்கிறது. 2004 பிரிட்டிஷ் ஓபன், ராயல் ட்ரூன். டாட் ஹாமில்டன் என்று பெரிசாகப் பெயர் தெரியாத ஆள், எர்னி எல்ஸை நாலு குழி ப்ளே-ஆஃபில் தோற்கடித்தார். கிரீனுக்கு வெளியே கிடந்த பந்தை எல்லோரும் வெட்ஜால் கொத்திக்கொண்டிருக்க, இவர் ஹைப்ரிட்டை எடுத்து பட் அடிக்கிற மாதிரி தள்ளி உருட்டினார். கடைசி ப்ளே-ஆஃப் குழியில் ஜெயித்ததும் அப்படித்தான். ஒரே ஓட்டை, ரெண்டு வேலை. கான்ட்ரிப்யூஷன் எகிறுகிறது பாருங்கள். 3-வுட்காரர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

வாங்கும்போது ஒரு ஜாக்கிரதை. கிளப்பின் அடியில் எழுதியிருக்கிற எண்ணை நம்பாதீர்கள். எண்ணுக்கு இவ்வளவு டிகிரி என்று எந்தச் சட்டமும் கிடையாது, ஒரு கம்பெனியின் 4-ஹைப்ரிட் இன்னொரு கம்பெனியில் வேறு டிகிரியில் இருக்கும். அயர்னில் இந்தக் கூத்து இன்னும் மோசம். அப்பா காலத்து 7-அயர்ன் 35, 36 டிகிரி. இன்றைக்குப் புதிதாக ஆடுகிறவர்களுக்கு விற்கிற செட்களில் 7 என்று எழுதியிருப்பதே 30-க்குக் கீழே. "என் 7-அயர்ன் எவ்ளோ தூரம் போகுது பார்" என்று சந்தோஷப்படுகிறோம், அது பழைய 5-அயர்னுக்கு ஸ்டிக்கர் மாற்றி ஒட்டியது. (பழைய எம்.ஆர்.பி. மேல் புது ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, அதே டெக்னிக்.) விளைவு என்னவென்றால், புது செட்டில் 5-அயர்ன் என்று வருவது பழைய காலத்து 3-அயர்ன் அளவுக்குக் கஷ்டமானது. ஆகவே 5-அயர்னையும் தைரியமாகக் கழற்றிவிடலாம். எந்தக் கிளப் பந்தை மேலே ஏற்ற மறுக்கிறதோ, அங்கிருந்து ஹைப்ரிட் ஆரம்பிக்க வேண்டும். டிகிரியைக் கேளுங்கள், கடைக்காரர் தெரியாது என்றால் போனில் தேடுங்கள்.

எது தனக்கு வேண்டும் என்று கண்டுபிடிக்க பெரிய ஃபிட்டிங் ஸ்டூடியோ எல்லாம் வேண்டியதில்லை. நான் செய்வது இது. ரேஞ்சில் டீ இல்லாமல், தரையில் வைத்து, முடிந்தால் பாயை விட்டு நிஜப் புல் மேல் வைத்து (பாய் பொய் சொல்லும், பின்னால் பட்டாலும் வழுக்கிக்கொண்டு போய் நல்ல ஷாட் ஆகிவிடும்), ஒவ்வொரு கிளப்பாலும் பத்து பந்து அடிக்க வேண்டும். எங்கே முதலில் தரையைத் தொடுகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். மிக நன்றாகப் போன ரெண்டை அடித்துவிடுங்கள், மிகக் கேவலமாகப் போன ரெண்டையும் அடித்துவிடுங்கள். மிச்சம் ஆறின் சராசரிதான் உங்கள் நிஜ தூரம். பக்கத்துப் பக்கத்து கிளப் ரெண்டுக்கும் பத்து யார்டுகூட வித்தியாசம் இல்லை என்றால் அதில் ஒன்று தண்டச் சோறு. இந்தப் பரீட்சையில் உங்கள் 3-வுட் பாஸானால், அதாவது அடித்துவிட்ட ரெண்டைத் தவிர மிச்சம் ஆறும் 5-வுட்டைத் தாண்டி விழுந்தால், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

காற்று பற்றிக் கேட்பீர்கள். உண்மைதான், எதிர்க்காற்றில் 7-வுட் பந்து பட்டம் மாதிரி மேலே ஏறி பொத்தென்று விழும். கடற்கரையோர பிரிட்டிஷ் மைதானங்களுக்குப் போகும்போது புரொஃபஷனல்களே உயரமான வுட்டை எடுத்துவிட்டுத் தாழ்வாகப் போகிற 2-அயர்னை வைத்துக்கொள்கிறார்கள். அந்த வாரத்துக்கு மட்டும். அடுத்த வாரம் திரும்பவும் மாற்றிவிடுவார்கள். மாற்றுவது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சலாகத் தெரிவதில்லை. காற்று அடிக்கிற அன்றைக்கு ஹைப்ரிட்டைச் சற்றுக் கீழே பிடித்து முக்கால் ஸ்விங்கில் அடித்தாலே போதும், அதற்காக வருஷம் முழுக்க ஒரு 3-வுட்டைச் சுமக்க வேண்டாம்.

14 என்பது உச்சவரம்புதான், கட்டாயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 10 கிளப்போடு போனால் யாரும் ஃபைன் போடப் போவதில்லை. மேலே போனால்தான் ஆபத்து. 2001 பிரிட்டிஷ் ஓபன், கடைசி நாள். இயான் வூஸ்னம் கூட்டாக முன்னிலையில் தொடங்கி, முதல் குழியிலேயே பந்தைக் குழிக்குப் பக்கத்தில் போட்டு பேர்டி எடுத்தார். ரெண்டாவது டீக்கு வந்து பேக்கைப் பார்த்தால் 15 கிளப்! பிராக்டிஸில் சோதித்துப் பார்த்த இன்னொரு ட்ரைவரை வெளியே எடுக்க கேடி மறந்துவிட்டார். ரெண்டு ஸ்ட்ரோக் பெனால்டி, பேர்டி போகியாக மாறியது. கடைசியில் மூன்றாவது இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டார். அந்த டிரைவரை அவர் என்ன செய்தார் தெரியுமா? உருவித் தரையில் வீசி எறிந்தார்.

கையில் காசு குறைவாக இருக்கும் என் வயசுக்காரர்களுக்கு என் பட்டியல். ட்ரைவருக்குக் கீழே ஒரு 5-வுட், 22 டிகிரியில் ஒரு ஹைப்ரிட், 25-ல் ஒரு ஹைப்ரிட். ஐந்து ஓட்டையில் மூன்றுதான் ஆகிறது, ரெண்டு காலியாகவே இருக்கட்டும். பந்தை உயரமாக ஏற்றச் சிரமப்படுகிறவர் 5-வுட்டுக்குப் பதில் 7-வுட்டோடு ஆரம்பிக்கலாம், இன்னும் மலிவாகக் கிடைக்கும். யாரும் கேட்காததால் செகண்ட் ஹேண்டில் 7-வுட்கள் புதுசு மாதிரியே தூங்கிக்கொண்டிருக்கின்றன. டஸ்டின் ஜான்சன் கதை நம்மூர் அங்கிள்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் வாங்கிவிடுங்கள்.